20 பேர் வந்தார்கள், மூன்றாம் மாதம் 3 பேர்: நம் டெபியன் கூட்டத்தில் எங்கே கோட்டை விட்டோம்?

1. ஏரிக்கரை (திங்கள், காலை 7.10)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான புலம்பல். காப்பி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

பெங்களூரில் டெபியனுக்கு (தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் லினக்ஸ் இயங்குதளம்) பங்களிக்க ஆசைப்படும் தமிழ்க்காரர்களுக்காகப் பிப்ரவரியில் ஒரு மாதக் கூட்டம் ஆரம்பித்தது இங்கே பலருக்குத் தெரியும். அல்சூர் ஏரிக்குப் பின்னால், என் வாடகை வீட்டு மாடியில், ஞாயிறு மாலை 5 மணிக்கு. முதல் கூட்டத்துக்கு 20 பேர். நாற்காலி போதாமல் கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் நான்கு இரவல் வாங்கினேன். மார்ச்சில் 9 பேர். நேற்று 3 பேர். அந்த மூவரில் நானும் என் அறைத்தோழனும் அடக்கம். மூன்றாமவர் வைஃபை கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி, அலுவலக வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். 24 மசால் வடை வாங்கியிருந்தேன். ராத்திரிச் சாப்பாடும் அதுதான்.

ஏற்பாட்டில் குறை வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. முதல் கூட்டத்தில் 64 ஸ்லைடு: 1993 ஆகஸ்ட் 16-இல் ஈயன் மர்டாக் டெபியனை அறிவித்ததிலிருந்து, 1997-இன் சமூக ஒப்பந்தம், 2023 செப்டம்பரில் பக்கத்துக் கொச்சியில் நடந்த டெபியன் மாநாடான டெப்கான்ஃப் வரைக்கும். இரண்டாவதில் பேக்கேஜ் (நிறுவுவதற்கு ஏற்றபடி கட்டிய மென்பொருள் பொட்டலம்) கட்டுவது எப்படி என்று. டெபியனின் 2014 நடத்தை விதிகளைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். யாரும் யாரையும் கேலி செய்யவில்லை, அதட்டவில்லை. வாட்ஸ்அப் குழுவில் 47 பேர் இருக்கிறார்கள். காலை வணக்கம் மட்டும் தவறாமல் வருகிறது.

அப்புறம் ஏன் வரவில்லை? இடம்தான் காரணமோ? கோரமங்களா பக்கம் மாற்றலாமா? நான்கு கூட்டம் தொடர்ந்து வருகிறவர்களுக்கு டி-ஷர்ட் கொடுக்கலாமா? யோசனை சொல்லுங்கள்.

2. பைடூகாப்பி (திங்கள், காலை 8.45)

டி-ஷர்ட் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். 2020 அக்டோபர் ஞாபகம் இருக்கிறதா? டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் நடத்திய ஹேக்டோபர்ஃபெஸ்ட்டில், திறந்தமூல ப்ராஜெக்ட்டுகளுக்கு நான்கு புல் ரிக்வெஸ்ட் (என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) போட்டால் டி-ஷர்ட். நம் ஊர்ப் பிள்ளைகள் உட்பட எங்கெங்கிருந்தோ கிளம்பிவந்து, ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் "அருமையான ப்ராஜெக்ட்" என்று இரண்டு வார்த்தை சேர்த்து அனுப்பித் தள்ளினார்கள். மாதம் பிறந்து மூன்றே நாளில், விருப்பம் தெரிவித்த ப்ராஜெக்ட்டுகளுக்கு மட்டும்தான் கணக்கு என்று டிஜிட்டல்ஓஷன் விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

அப்போது நான் ஒரு சின்னக் கருவியைப் பராமரித்துக்கொண்டிருந்தேன். ஒரே வாரத்தில் 31 வந்தன. எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மூடினேன். அதில் ஒன்று மெய்யான பேட்ச் (நிரல் திருத்தம்) என்பதை டிசம்பரில்தான் பார்த்தேன். அனுப்பியவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை.

வடை போதும்.

3. மஞ்சள்கோடு (திங்கள், காலை 9.30)

ஒரு வாக்குமூலம். வராமல்போனவர்களில் நானும் ஒருவன். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. இடம் காரணமே இல்லை. மெட்ரோ மஞ்சள் கோடு வந்தபிறகு ஆர்.வி. ரோட்டிலும் மெஜஸ்டிக்கிலும் மாறினால் அல்சூர் வந்துவிடலாம்.

முதல் கூட்டத்தில் 64 ஸ்லைடும் முடிந்து, கடைசி அரைமணி நேரத்தில் "ஆளுக்கொரு பக் (மென்பொருள் பிழை) பதிவு செய்யுங்கள்" என்றீர்கள். ஒரு பேக்கேஜின் மேன் பக்கத்தில் (உதவிக் குறிப்புப் பக்கம்) ஓர் ஆப்ஷனின் பெயரே தப்பாக இருந்தது. பிழையைத் தெரிவிக்கும் ரிப்போர்ட்பக் கருவியை ஓட்டி, தட்டுத்தடுமாறி ஒரு பேட்சும் சேர்த்து அனுப்பினேன். தானியங்கிப் பதில் வந்தது, பக்குக்கு ஓர் எண்ணும் கிடைத்தது. அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு அந்த எண்ணைச் சொன்னேன், சிரிக்காதீர்கள். இன்றோடு 57 நாள். ஒரு வரி பதில் இல்லை. தப்பு என்றாவது சொல்லலாமே? மார்ச் கூட்டத்தில் கேட்கலாம் என்றுதான் வந்தேன். அன்றைக்கும் ஸ்லைடுதான் ஓடியது.

கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம் கற்கண்டு கொடுத்து உள்ளே அனுப்பினீர்கள். உள்ளே பந்தியில் இலை போட ஆள் இல்லை. கோபமெல்லாம் இல்லை அண்ணா. கைகழுவிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன், அவ்வளவுதான்.

4. ஏரிக்கரை (திங்கள், காலை 9.52)

சங்கடமாக இருக்கிறது தம்பி. அன்று 11 பேர் பக் பதிவு செய்தார்கள். புகைப்படம்கூட எடுத்துப் போட்டேன். மற்ற 10 என்ன ஆயிற்று என்று இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. கேட்கவே தோன்றவில்லை.

5. பொட்டலக்காரி (திங்கள், மதியம் 1.20)

மஞ்சள்கோடு சொன்னதுதான் விஷயம். மற்றதெல்லாம் பந்தல் அலங்காரம்.

நான் சில வருடமாக டெபியன் டெவலப்பர். முதலில் ஒன்று: யாரும் அவரை அவமதிக்கவில்லை. டெபியன் 13-இல் ஏறத்தாழ 70,000 பேக்கேஜ். டெவலப்பர்கள் ஆயிரம் பேர் அளவில், பெரும்பாலும் சொந்த நேரத்தில் செய்கிறவர்கள். சிலர் தலையில் நூறு பேக்கேஜ் தொங்கும். சிலவற்றுக்கு ஆளே கிடையாது, போட்டது போட்டபடி கிடக்கும். வாசலில் நின்று அழைத்தவர் ஏரிக்கரை. பதில் சொல்ல வேண்டியவரோ வேறு ஏதோ நாட்டில், குழந்தைக்குக் காய்ச்சல் என்று உட்கார்ந்திருக்கும் யாரோ. அழைத்தவருக்கும் பரிமாறுகிறவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அப்படியானால் இலை எங்கிருந்து வரும்?

என் கதையைச் சொல்கிறேன். 2016. சேலத்தில் படிப்பு முடித்து மடிவாளாவில் ஒரு பிஜி விடுதியில் இருந்தேன். ஒரு சின்ன லைப்ரரியின் புதுப் பதிப்பைக் கட்டி புதியவர்கள் பேக்கேஜைப் பார்வைக்கு வைக்கும் மென்டர்ஸ் தளத்தில் ஏற்றிவிட்டு, ஸ்பான்சர் (சரிபார்த்து டெபியனில் ஏற்றிவிடும் டெவலப்பர்) வேண்டும் என்று எழுதினேன். ஆறு மணி நேரத்தில் ஒருவர் பதில் போட்டார். வணக்கம் இல்லை, பாராட்டு இல்லை. "மூன்று தப்பு. காப்பிரைட் கோப்பில் இரண்டு உரிமம் விட்டுப்போயிருக்கிறது. சேஞ்ச்லாகில் (மாற்றக் குறிப்பேடு) வெளியீட்டின் பெயர் தப்பு. டெஸ்ட் ஓடவே இல்லை. ராத்திரி முழித்திருப்பேன், திருத்தினால் அனுப்பு." ஒன்றரை மணிக்கு ஏற்றிவிட்டார். அந்த "முழித்திருப்பேன்" என்ற சொல்லுக்காகத்தான் இன்னும் இங்கே இருக்கிறேன்.

அதற்கு முந்தின வருடம் வேறொரு திட்டத்தில், பெயர் வேண்டாம், தேனாய் ஒரு வரவேற்பு மடல் வந்தது, இதய எமோஜியெல்லாம் போட்டு. என் பேட்ச் ஒரு வருடம் கிடந்தது. கடைசியில் "நீண்ட நாளாக அசைவில்லை" என்று ஒரு பாட் (தானியங்கி நிரல்) வந்து மூடிவிட்டுப் போயிற்று.

ஆகவே புதியவருக்கு வேலை பொறுக்கும்போது, வேலை சுலபமா என்று மட்டும் பார்க்காதீர்கள். அதன் பின்னால் முழித்திருக்கிற ஆள் உண்டா என்று பாருங்கள். டெபியன் பக்குகளில் நியூகமர் என்று ஒரு குறி உண்டு. தீர்வு இன்னதென்று தெரியும், வேறு யாராவது செய்யட்டும் என்று பராமரிப்பாளரே விட்டுவைப்பது. அதைப் போட்டவர் பதில் சொல்லவும் அணியமாக இருப்பார் என்று ஓரளவு நம்பலாம். தனியாள் பேக்கேஜைவிட பெர்ல், பைத்தான், ரூபி மாதிரி நிரல்மொழிக் குழுக்கள் பார்த்துக்கொள்ளும் பேக்கேஜ் நல்லது. ஒருவர் தூங்கினாலும் இன்னொருவர் கண்ணில் படும். கூட்டத்துக்கு முந்தின வாரமே ஐந்து வேலையை எடுத்து, "ஞாயிறன்று பெங்களூரில் சிலர் இதில் உட்காரப் போகிறார்கள், பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று பராமரிப்பாளர்களுக்கு எழுதுங்கள். பதில் வந்த வேலையை மட்டும் மேஜையில் வையுங்கள். இரண்டுதான் தேறியது என்றால் இரண்டு பேரை அழையுங்கள், போதும்.

6. பழையகர்னல் (திங்கள், இரவு 9.15)

எல்லோரும் இலை, பந்தி என்று போகிறீர்கள். நான் கொஞ்சம் பாகற்காய் வைக்கிறேன்.

2001-இல் லினக்ஸ் பெங்களூர் என்று ஆரம்பித்துப் பின்னால் ஃபாஸ் டாட் இன் ஆன மாநாடு 2012 வரை நடந்தது. ஆறு முறை போயிருக்கிறேன். கேட்க வந்த கூட்டம் தேர்த்திருவிழா மாதிரி இருக்கும். என்னோடு வந்தவர்களில் ஊருக்குத் திரும்பி ஒரு பேட்சாவது அனுப்பியவர்களை எண்ண ஒரு கை போதும். எனவே 20 பேர் 3 ஆனதில் எனக்கு வியப்பு இல்லை. புடைத்தால் உமி பறக்கத்தான் செய்யும்.

இன்னொன்று. வருகிறவரையெல்லாம் உள்ளே விட, இயங்குதளம் என்ன சத்திரமா? 2024 மார்ச் 29 மறந்துவிட்டதா? எக்ஸ்இசட் யூடில்ஸ் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் பின்கதவு (திருட்டு நுழைவழி). ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பணிவாக, பொறுமையாகப் பேட்ச் அனுப்பி நம்பிக்கை சம்பாதித்து, வெளியீட்டு உரிமையையே கையில் வாங்கிவிட்டார். 5.6.0, 5.6.1 இரண்டு பதிப்பிலும் விஷம். டெபியனின் நிலைபெறாத பதிப்பான சிட் வரை வந்துவிட்டது. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் (தரவுத்தள மென்பொருள்) டெவலப்பர், எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலுள்ள கணினியில் உள்நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று நோண்டியதால் பிழைத்தோம். அந்த ஜியா டானைவிட இனிமையான புதியவரை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

ரிவ்யூ செய்கிறவருக்கு வேண்டியது இன்முகம் இல்லை, கண்.

7. பொட்டலக்காரி (திங்கள், இரவு 10.40)

சார், அதே கதையை நான் வேறு மாதிரிப் படிக்கிறேன்.

எக்ஸ்இசட்டைப் பல வருடமாகக் கிட்டத்தட்ட ஒரே ஆள் சுமந்தார். சம்பளம் கிடையாது, மனநலமும் சரியில்லை என்று அவரே 2022-இல் எழுதினார். அந்த நேரம் பார்த்து, முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து "ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் கொடுங்கள்" என்று நெருக்குதல். அதுவும் சதியில் சேர்த்திதான் என்று இன்று பலரும் நினைக்கிறார்கள். கைகொடுக்க வந்து நின்றவர் ஒரே ஒருவர், அவரே திருடர். நல்ல ஆட்கள் மூன்று பேர் அக்கம்பக்கத்தில் இருந்திருந்தால் திருடருக்கு அந்தத் திண்ணை காலியாகக் கிடைத்திருக்குமா?

கண் வேண்டும் என்பது சரி. அந்தக் கண்ணுக்குத் தூக்கமும் வேண்டும், மாற்றிவிட இன்னொரு கண்ணும் வேண்டும். டெபியனில் முதல் நாளே யாருக்கும் சாவி கொடுப்பதில்லை. முதலில் ஸ்பான்சர் வழியாகத்தான் எதுவும் உள்ளே போகும். பிறகு டெபியன் மெயின்டெய்னர், அதுவும் குறிப்பிட்ட பேக்கேஜ்களுக்கு மட்டும். டெவலப்பர் ஆகவேண்டுமென்றால் ஏற்கெனவே இருக்கும் டெவலப்பர்கள் ஆளை நேரில் பார்த்து அவர் ஜிபிஜி (மின் அடையாள) சாவியில் கையொப்பமிடுவதுதான் வழக்கம். அந்த நேரில் பார்ப்பதற்காகவாவது அல்சூர் மாடி வேண்டும்.

8. பைடூகாப்பி (திங்கள், இரவு 11.05)

லினக்ஸின் மையமான கர்னல் பக்கமே மாறிவிட்டது அண்ணே. 2015-இல் அவர்கள் வைத்துக்கொண்ட விதிக்குப் பெயரே மோதல் விதி. 2018 செப்டம்பரில் லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் தன் கடுமையான மடல்களுக்கு வருத்தம் தெரிவித்து விடுப்பில் போனார், கூடவே ஒழுங்கான நடத்தை விதியும் வந்தது. உங்களுக்கு மட்டும் இன்னும் 2015.

9. பழையகர்னல் (திங்கள், இரவு 11.09)

2003. திருத்தவும்.

10. சொல்லாக்கி (செவ்வாய், காலை 6.50)

மொழிபெயர்ப்புப் பக்கத்திலிருந்து ஒரு குரல். நிரல் தெரியாதவர்களை இங்கே தள்ளிவிடுவது வழக்கம், சுலபம் என்ற நினைப்பில். பேக்கேஜ் கட்டாமல் மொழிபெயர்ப்பு, ஆவணம், வடிவமைப்பு என்று உழைக்கிறவர்களையும் முழு உறுப்பினராக வரவேற்கலாம் என்று டெபியன் 2010-இலேயே வாக்கெடுத்து முடிவு செய்துவிட்டது. ஆகவே மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் தமிழர்கள் அதிகம் சண்டை போடுவதும் இங்கேதான்.

மார்ச் கூட்டத்தில் ஒரு பெண் முதல்முறையாக ஒரு பிஓ (மொழிபெயர்ப்பு) கோப்பைத் திறந்தார். 40 வரி. மூன்றாவது வரியில் ஃபோல்டருக்குக் கோப்புறை என்று எழுதினார். பக்கத்திலிருந்த மூத்தவர், "அடைவு என்றல்லவா இருக்க வேண்டும்?" என்றார். இன்னொருவர், அடைவு டைரக்டரிக்கு என்றார். மூன்றாமவர் ஃபோல்டர் என்றே விடலாம், எந்தத் தமிழன் கோப்புறை என்கிறான் என்றார். முக்கால் மணி நேரம். அந்த மூன்று பேரில் நானும் ஒருவன், ஒத்துக்கொள்கிறேன். திரும்பிப் பார்த்தபோது அந்தப் பெண் லேப்டாப்பை மூடிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1999-இல் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளக் குழுவில் போல்-ஹென்னிங் காம்ப் எழுதிய சைக்கிள் கொட்டகை மடல் இதைப் பற்றியதுதான்: அணு உலைக்குச் சட்டென்று அனுமதி கிடைத்துவிடும், சைக்கிள் கொட்டகைக்கு என்ன வர்ணம் அடிப்பது என்பதில் எல்லோருக்கும் கருத்து இருக்கும்.

உண்மையில் அவருக்குச் சொல்லித்தர வேண்டியது வேறு. ஆங்கில வாக்கியத்தின் நடுவில் கோப்பின் பெயர் வந்து உட்காரும் இடம் இருக்கும். தமிழில் அங்கே வேற்றுமை உருபை ஒட்டினால் திரையில் "கடிதம்-ஐ நீக்கவா?" என்று வரும். கடிதத்தை என்று சாரியை சேர்க்க இயந்திரத்துக்குத் தெரியாது. அதனால் வாக்கியத்தையே திருப்பி, "நீக்கவேண்டிய கோப்பு: கடிதம். சரியா?" என்று எழுத வேண்டும். இப்படி ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் ஆளுக்கு முகம் மலரும். புதியவரின் முதல் 20 வரிக்குச் சொல்லைப் பற்றி யாரும் வாய்திறக்கக் கூடாது என்று நான் எனக்கே விதி போட்டுக்கொண்டிருக்கிறேன். கலைச்சொல் பட்டியல் ஒன்று இருக்கட்டும், தப்பினால் நாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

கோப்புறைதான் சரி, அது வேறு விஷயம்.

11. ஓசூர்பஸ் (செவ்வாய், காலை 10.15)

நான் தெலுங்கு வீட்டுப் பிள்ளை, ஓசூரில் தமிழ் மீடியத்தில் படித்தவன். முதல் கூட்டத்துக்கு என் அலுவலக நண்பனையும் கூட்டிவந்தேன். தும்கூர்க்காரன், கன்னடம். அரசுப் பள்ளி லேப்களுக்கு டெபியன் போட்டுக்கொடுப்பதே அவன் வார இறுதி வேலை. அந்த மாடியில் இருந்தவர்களில் உண்மையாகவே டெபியனை வைத்து எதையாவது ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன்தான் என்று நினைக்கிறேன்.

அவனோடு பேசும்போது எல்லோரும் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்கள். இரண்டாவது நிமிடம் தமிழுக்குத் தாவிவிட்டார்கள். "ஸ்வல்ப கன்னட மாத்தாடி" (கொஞ்சம் கன்னடம் பேசுங்கள்) என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நாமும் சிரித்தோம். மறுபடி தமிழ். பஸ்ஸில் திரும்பி வரும்போது, "உங்க ஆளுங்க நல்லவங்கப்பா" என்றான். அடுத்த மாதம் கூப்பிட்டேன், வேலை இருக்கிறது என்றுவிட்டான்.

12. ஏரிக்கரை (செவ்வாய், காலை 11.00)

இது தமிழ்க் கூட்டம் என்றுதானே அறிவித்தோம்? தமிழில் பேச ஒரு இடம் வேண்டும் என்பதற்காகத்தானே ஆரம்பித்தோம்? ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டம் இந்த ஊரில் வாரத்துக்கு நாலு இருக்கிறது. தாய்மொழியில் கேட்டால்தான் கேள்வி கேட்கத் துணிவு வருகிறது என்று முதல் மாதம் மூன்று பேர் சொன்னார்கள்.

13. ஓசூர்பஸ் (செவ்வாய், காலை 11.20)

தமிழில் பேசுவது தப்பு என்று நான் சொல்லவில்லை அண்ணா. தமிழ்க் கூட்டம் என்றால் தமிழ்க் கூட்டமாகவே இருக்கட்டும், அவனை நான் கூட்டிவந்திருக்கக் கூடாது. இல்லை, பெங்களூரில் டெபியன் கூட்டம் என்றால் மேஜைக்கு ஒரு மொழி வைத்துக்கொள்வோம். கன்னட மேஜைக்கு அவனே ஆள் பிடிப்பான். இரண்டுக்கும் நடுவில் நின்றதுதான் சங்கடம். கன்னட மொழிபெயர்ப்பிலும் அந்தக் "கடிதம்-ஐ" சிக்கல் இருக்கும்தானே?

14. சொல்லாக்கி (செவ்வாய், காலை 11.31)

கட்டாயம் இருக்கும். அவரை எனக்கு அறிமுகப்படுத்துங்கள்.

15. தட்டாமாலை (செவ்வாய், இரவு 8.30)

சொல்லாக்கி குறிப்பிட்ட "அந்தப் பெண்" நான்தான். கோப்புறை விஷயத்துக்காக மூடவில்லை, சும்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், சுவையாகவே இருந்தது. மணி எட்டே கால் ஆகிவிட்டது, பிஜியில் பத்து மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள், அதனால்தான் போனில் வண்டி பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் தடவை வந்ததே யோசித்துத்தான். முகவரி என்று வந்தது, "ஏரிக்குப் பின்னால், வந்து போன் பண்ணுங்கள், மாடி." யார் வீடு, யார் யார் வருகிறார்கள், எப்போது முடியும், ஒன்றும் இல்லை. வந்த பிறகு எல்லோரும் மரியாதையாகத்தான் இருந்தீர்கள். ஆனால் வராமலேபோன பெண்களுக்கு அது தெரிய வழியில்லை, இல்லையா? என் தோழிகள் இரண்டு பேர் அந்தச் செய்தியைப் படித்தவுடன் வேண்டாம் என்றார்கள். பகலில், நாலு பேர் வந்துபோகும் இடத்தில், முடியும் நேரத்தைச் சொல்லி நடத்துங்கள். இது பெரிய தத்துவமெல்லாம் இல்லை.

அவுட்ரீச்சி என்ற திறந்தமூலப் பயிற்சித் திட்டத்துக்கு ஒருமுறை விண்ணப்பித்தேன். 2006-இல் க்னோம் (லினக்ஸ் திரை இடைமுகம்) திட்டத்தில் பெண்களுக்கென்று ஆரம்பித்து வளர்ந்தது அது, இப்போது மூன்று மாத வேலைக்கு 7,000 டாலர் தருகிறார்கள். எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் விண்ணப்பிக்கும் காலத்திலேயே யார் வழிகாட்டி, எங்கே கேட்பது, எந்தச் சின்ன வேலையில் தொடங்குவது என்று பெயரோடு போட்டிருந்தார்கள். கிடைக்காவிட்டாலும் அங்கே செய்த இரண்டு பேட்ச் இன்றைக்கும் என்னுடையவை.

16. செவிவழி (புதன், காலை 7.40)

இழையைத் தொடர்ந்து படித்துவருகிறேன், அதாவது கேட்டுவருகிறேன். எனக்குப் பார்வை இல்லை. டெபியன் நிறுவியின் முதல் மெனு வந்ததும் எஸ் விசையைத் தட்டி என்டர் அழுத்தினால் பேச்சோடு நிறுவலாம். யார் உதவியும் இல்லாமல் நானே என் கணினியில் ஓர் இயங்குதளத்தைப் போட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்த நன்றிக்காகத்தான் பங்களிக்க வந்தேன்.

ஏரிக்கரை குழுவில் போட்ட வரவேற்புக் கையேட்டில் 22 பக்கம், 22-உம் ஸ்கிரீன்ஷாட். என் திரைவாசிப்பான் ஓர்கா, "படம், படம், படம்" என்று வாசித்தது. கட்டளைகளை எழுத்தாகப் போட்டால் எனக்கும் புரியும், மற்றவர்களும் நகலெடுத்து ஒட்டலாம். வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன். படத்தில் என்ன இருக்கிறது என்று யாராவது போனில் படித்துக்காட்ட வேண்டும்.

17. ஏரிக்கரை (புதன், காலை 8.05)

இன்றிரவு 9 மணிக்கு நானே கூப்பிடுகிறேன். மன்னிக்கவும்.

18. இரண்டாமாண்டு (புதன், மாலை 4.50)

வணக்கம் சார். நான் கல்லூரி மாணவன். எங்கள் துறையில் இந்த செமஸ்டர் ஆளுக்கு ஐந்து திறந்தமூலப் பங்களிப்பு, மதிப்பெண் உண்டு. நண்பர்கள் சாட்பாட்டில் பேட்ச் எழுதி அனுப்புகிறார்கள். எனக்கு மெய்யாகவே கற்க ஆசை. டெபியனில் எனக்கு ஒரு வேலை ஒதுக்கித் தர முடியுமா சார்? அனுமதி கிடைத்தால் உடனே தொடங்குகிறேன்.

19. பைடூகாப்பி (புதன், மாலை 5.30)

சாட்பாட் பேட்ச் வேண்டாம் தம்பி. ஜென்டூ லினக்ஸ் 2024 ஏப்ரலில் அதை விதியாகவே போட்டுத் தடுத்துவிட்டது, அடுத்த மாதம் நெட்பிஎஸ்டி இயங்குதளமும் ஏறக்குறைய அதே பாதையில் போனது. எழுதியவனுக்கே புரியாததை ரிவ்யூ செய்கிறவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஐந்து வேண்டாம், ஒன்று போதும். உங்கள் பேராசிரியரிடம் நான் பேச வேண்டுமானாலும் பேசுகிறேன்.

20. பழையகர்னல் (புதன், இரவு 10.20)

இரண்டாமாண்டு தம்பிக்கு. சார் வேண்டாம். அனுமதியும் வேண்டாம். நம் ஊரில் பள்ளிக்கூடத்திலிருந்தே கையைக் கட்டி நின்று கேட்டுப் பழகிவிட்டோம். இங்கே யாரும் வேலை ஒதுக்க மாட்டார்கள், உட்கார் என்று சொல்லவும் மாட்டார்கள். அதை நீ அவமதிப்பு என்று எடுத்துக்கொள்வாய், அவர்களோ, இவன் ஏன் சும்மா நிற்கிறான் என்று நினைப்பார்கள். பக்கில் "இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று ஒரு வரி எழுது, செய்ய ஆரம்பி. தெரியாவிட்டால் என்ன முயன்றாய், என்ன பிழை வந்தது என்று சேர்த்துக் கேள். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லித்தராமல் எத்தனை பிள்ளைகளை உமி என்று நினைத்திருக்கிறேனோ.

கர்னலுக்கு என் முதல் பேட்சை 2003-இல் அலுவலக மெயிலிலிருந்து அனுப்பினேன். மெயில் நிரல் டேப் எல்லாவற்றையும் இடைவெளியாக்கி, வரிகளை மடித்து, அடியில் "இம்மடல் ரகசியமானது, பெறுநர் தவிர மற்றவர் படிப்பது குற்றம்" என்று ஒரு பத்தியையும் ஒட்டி அனுப்பிவிட்டது. உலகமே படிக்கிற குழுவுக்கு. ஒருவர் அதை வைத்துக் கேலி செய்தார், நூறு பேர் பார்த்தார்கள். அதற்கப்புறம் இரண்டு வருடம் நான் எதுவுமே அனுப்பவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பேட்சை மடலில் அனுப்பும் கிட் சென்ட்-ஈமெயில் அமைப்பது, எளிய உரையில் மடல் எழுதுவது, இரண்டும் ஒரு மணி நேரப் பாடம். அடுத்த கூட்டத்தில் மூலையில் ஒரு மேஜை போட்டால் உட்காருகிறேன்.

21. பொட்டலக்காரி (வியாழன், இரவு 9.00)

மஞ்சள்கோடு, உங்கள் பக்கைப் பார்த்தேன். அந்தப் பேக்கேஜ் அநாதை. இருந்த பராமரிப்பாளர் விட்டுவிட்டார், டிராக்கர் பக்கத்தில் பராமரிப்பாளர் என்று க்யூஏ (தரக் கண்காணிப்பு) குழுவின் பெயர்தான் இருக்கிறது. 57 நாள் அல்ல, 570 நாள் காத்திருந்தாலும் பதில் வந்திருக்காது. உங்கள் பேட்ச் சரியாகத்தான் இருக்கிறது.

ஒரு நல்ல செய்தி: அநாதைப் பேக்கேஜை யார் வேண்டுமானாலும் சரிசெய்து க்யூஏ அப்லோடாகக் கொண்டுவரலாம். நீங்கள் கட்டுங்கள், நான் பார்த்து ஏற்றுகிறேன். சேஞ்ச்லாகில் உங்கள் பெயர்தான் வரும்.

22. ஏரிக்கரை (சனி, காலை 9.10)

மே இரண்டாம் ஞாயிறு, காலை 11 முதல் 2 வரை. எம்.ஜி. ரோடு மெட்ரோவிலிருந்து நடந்துவரும் தூரத்தில் ஒரு நண்பரின் அலுவலகப் பயிற்சி அறை கிடைத்திருக்கிறது. கீழே காவலர் உண்டு, முகவரியையும் வருபவர்கள் பட்டியலையும் பதிவு செய்தவர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுவேன். ஸ்லைடு ஒன்றுகூடக் கிடையாது.

ஏழு பராமரிப்பாளர்களுக்கு எழுதினேன். மூன்று பேர் பதில் போட்டார்கள், அதில் ஒருவர் அன்று மதியம் ஐஆர்சி அரட்டையில் இருப்பதாகவே சொல்லிவிட்டார். ஆகவே நிரல் பக்கம் மூன்று இடம்தான். மொழிபெயர்ப்புக்குத் தமிழ் மேஜை ஒன்று, கன்னட மேஜை ஒன்று; ஓசூர்பஸ் தன் நண்பரிடம் பேசிவிட்டார், இன்னும் சரி என்று சொல்லவில்லை. மூலை மேஜை கர்னல் அண்ணனுக்கு. கையேட்டில் 9 பக்கம் எழுத்தாகிவிட்டது, மீதி இன்றிரவு. பிப்ரவரியில் பக் போட்ட மற்ற 10 பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்தேன். ஆறு பேர் எடுத்தார்கள். இரண்டு பக் ஏற்கெனவே சரியாகி வெளியீட்டிலேயே வந்துவிட்டது, அனுப்பியவர்களுக்கே தெரியவில்லை.

23. மஞ்சள்கோடு (சனி, இரவு 11.48)

பேக்கேஜைக் கட்டிவிட்டேன் அக்கா, மூன்றாவது முயற்சியில். ஆனால் பேக்கேஜைச் சோதிக்கும் லிண்டியன் கருவி இரண்டு பிழை என்று திட்டுகிறது. ஒன்று புரிகிறது, இன்னொன்று சத்தியமாகப் புரியவில்லை. ரொம்ப நேரமாகிவிட்டது, நாளைக் காலை கேட்கட்டுமா?

24. பொட்டலக்காரி (சனி, இரவு 11.51)

முழித்திருக்கிறேன். அனுப்புங்கள்.